லின்னே ஏரி: பனியாத்துக்கும் ஏரிக்கும் நடுவுல ஏன் இவ்ளோ தூரம்? (ஸ்வால்பார்ட் மேப் பாத்து வந்த டவுட்)

வரைபடப்பிரியன்:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு வாரமா ராத்திரி சாப்ட்டு முடிச்சதும் சாட்டிலைட் மேப்பைத் திறந்து ஸ்வால்பார்ட் பக்கமே சுத்திக்கிட்டு இருக்கேன். நார்வேக்கு வடக்கே ஆர்க்டிக் கடல்ல இருக்குற தீவுக் கூட்டம், அதுல பெரிய தீவு ஸ்பிட்ஸ்பெர்கன். அதோட மேற்குக் கரையில இஸ்ஃபியோர்டன்னு ஒரு பெரிய கடல் நுழைவு இருக்கு பாருங்க, அது திறக்குற இடத்துல தென்கரை மூலையில ஒரு சின்ன ஏரி, வடக்கு தெற்கா நீளமா படுத்திருக்கு. பேரு லின்னேவாட்னெட்னு போட்டிருக்கு. நீளம் 4.7 கிமீ, அகலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்.

நான் ஸ்கூல்ல ஜியாகிரபி எடுக்குறேன். போன வாரம் ஒன்பதாம் கிளாஸ்ல பனியாறு பாடம் நடத்துறப்போ இந்தப் படத்தைத்தான் ஸ்கிரீன்ல போட்டேன். ஒரு பொண்ணு எழுந்து கேட்டா, "சார் இது பனியாறு ஏரின்னு சொல்றீங்க, ஆனா பனியாறு தெக்கால அவ்ளோ தூரம் தள்ளி மலையிடுக்குல இருக்கு, ஏரி கடலுக்குப் பக்கத்துல இருக்கு, அப்போ இதைக் கடல் ஏரின்னுதானே சொல்லணும்?" நல்ல கேள்வி. நாளைக்குச் சொல்றேம்மான்னு சொல்லிட்டு வந்துட்டேன், அந்த நாளைக்கு வந்து அஞ்சு நாளாச்சு.

இன்னொண்ணு, தென்முனையில ஆறு வந்து சேர்ற இடத்துல தண்ணி பழுப்பா சாம்பலா கலங்கி இருக்கு, வடக்கே போகப் போகத் தெளியுது. ஏரியோட மட்டம் கடல்ல இருந்து வெறும் 12 மீட்டர் உசரம்தான்னு படிச்சேன். இவ்ளோ தாழ்வா இருந்தும் கடல் தண்ணி ஏன் உள்ள வரல? யாராவது கொஞ்சம் விவரமா சொல்லுங்க, பசங்ககிட்ட தப்பா சொல்லிடக் கூடாது.

கல்லும்மண்ணும்:

சார், உங்க ஸ்டூடன்ட்டுக்கு முதல்ல ஒரு சபாஷ்.

பனியாறு ஏரின்னா பனியாறு இப்போ பக்கத்துல உக்காந்திருக்கணும்னு அவசியம் இல்ல, அந்தப் பள்ளத்தைத் தோண்டினது பனியா இருந்தா போதும். கடைசிப் பனியுகத்துல ஸ்வால்பார்ட் மட்டும் இல்ல, பக்கத்துல பாரன்ட்ஸ் கடல் பகுதி மொத்தமும் ஒரே பெரிய ஐஸ் போர்வைக்கு அடியில கிடந்துச்சு. அந்த ஐஸ் மேட்டுல இருந்து கடலைப் பாத்து நகர்றப்போ அடியில இருக்குற பாறையைச் சுரண்டிக்கிட்டே போகும். ஆறு வெட்டின பள்ளத்தாக்கு அடியில குறுகி வி மாதிரி இருக்கும், பனி வெட்டினது அடி அகலமா ஓரம் செங்குத்தா தொட்டி மாதிரி இருக்கும். லின்னே பள்ளத்தாக்கு இந்த ரெண்டாவது ரகம்.

ஏரிக்கு ரெண்டு பக்கமும் பாறை வேற வேற, அதையும் கிளாஸ்ல காட்டுங்க. மேற்கு மலை ரொம்பப் பழைய உருமாறிய பாறை, பில்லைட், குவார்ட்சைட் மாதிரி. நடுப் பள்ளத்தாக்குல கார்பானிஃபெரஸ் காலத்து (முப்பது கோடி வருஷத்துக்கு மேல பழசு) மணற்பாறை, ஊடால நிலக்கரி. கிழக்கால சுண்ணாம்புப் பாறை, டோலமைட், ஜிப்சம். மேற்குல இருந்து கிழக்கே நடந்தா கோடிக்கணக்கான வருஷத்தைத் தாண்டுறோம். நடுவுல இருந்த பாறையைப் பனி சுலபமா தோண்டியிருக்கு, அங்கதான் இப்போ ஏரி.

கலங்கலைப் பத்தி: பனியாறு அடியில பாறையோட பாறை உரசுறப்போ மாவு மாதிரி தூள் வரும். அது உருகின தண்ணியோட கலந்து வர்றப்போ பாத்தா அசல் அரிசி களைஞ்ச தண்ணிதான், நிலக்கரியும் சேர்ந்தா இன்னும் மங்கலா இருக்கும். ஏரிக்குள்ள வந்ததும் ஓட்டம் நின்னுடும், கனமான மணல் ஆத்து வாய்லயே படிஞ்சு டெல்டா கட்டும், நைசான தூள் ரொம்ப நாள் மிதந்துக்கிட்டே வடக்கே போய் மெதுவா இறங்கும்.

கடல் தண்ணி வராததுக்குக் காரணம் வட முனையில இருக்குற மேடு. ஏரியில நிரம்புற தண்ணி அந்த மேட்டைத் தாண்டி ஆறா வழிஞ்சு ஃபியோர்டுக்கு, அதாவது நீங்க சொன்ன அந்தக் கடல் நுழைவுக்குப் போகுது, தண்ணி வெளிய போற வழிதான், உள்ள வர்ற வழி இல்ல. ஆக, பனி தோண்டுச்சு, பனி உருகின தண்ணி ரொப்புச்சு, ஏரி ஆச்சு.

வடகடல்:

வணக்கம். நான் நோர்வேயில இருக்கிறன், இஞ்ச வடக்குப் பக்கம் வந்து முப்பது வருசத்துக்கு மேல. எண்பதுகளில வந்த எங்கட ஆக்கள் கனபேர் மாதிரி நானும் முதல்ல ஃபின்மார்க்கில மீன் ஃபக்டரியிலதான் நிண்டனான்.

முதல்ல பேர். வத்ன எண்டால் ஏரி, கடைசியில எழுதுற ட் வாயில வராது. பிரே எண்டால் பனியாறு, டால் எண்டால் பள்ளத்தாக்கு, எல்வ எண்டால் ஆறு. அப்ப லின்னேவத்ன, லின்னேபிரேன், லின்னேடாலன், லின்னேஎல்வா எல்லாம் ஒரே குடும்பம், பேரைப் பாத்தாலே எது எதோட சேந்தது எண்டு விளங்கும். லின்னே எண்டது செடிகொடிகளுக்கும் மிருகங்களுக்கும் ரெண்டு சொல்லில பேர் வைக்கிற முறையைக் கொண்டுவந்த சுவீடன்காரர் கார்ல் லின்னேயஸ். அவர் அந்தத் தீவுக்குப் போனதே இல்லை, பேர் மட்டும் போயிருக்குது.

நான் ஒருக்கா ஓகஸ்ட் மாசம் அங்க போனனான். ஸ்வால்பார்டின்ர பெரிய ஊர் லாங்இயர்பியனில இருந்து போட்டில மேற்கே வந்து காப் லின்னே எண்ட முனையில இறங்கினம். அங்க 1933ல துவங்கின பழைய ரேடியோ நிலையம் ஒண்டு இருக்குது, இப்ப அது தங்கிற விடுதி. அங்கயிருந்து ஏரிக்கு நடை. துவக்கோட ஒரு வழிகாட்டி முன்னால, நாங்கள் பின்னால, ஏனெண்டால் வெள்ளைக் கரடி எங்கயும் நிக்கும், ஊரை விட்டு வெளிய போனால் அதை விரட்டுற சாமான் இல்லாமல் போக ஏலாது, சட்டமே அப்பிடித்தான்.

நடக்கேக்க நான் கண்டதைச் சொல்லுறன், உங்கட கேள்விக்கு உதவும் எண்டு நினைக்கிறன். தரை முழுக்க வரப்பு வரப்பா கிடக்குது. ஒரு வரப்பில ஏறி இறங்க அடுத்த வரப்பு. குனிஞ்சு பாத்தால் எல்லாம் உருண்டைக் கூழாங்கல்லு, கடற்கரையில அலை உருட்டின கல்லு மாதிரி வழுவழு எண்டு. நான் ஒரு வரப்பின்ர ஓரத்தில சப்பாத்தால மெல்ல மண்ணைத் தட்டிப் பாத்தன், உள்ளுக்கிருந்து வெள்ளையா ஒரு சிப்பித் துண்டு வந்திது, நகம் அளவுதான், கையில எடுத்து அமத்த மாவாப் போச்சுது. கடல் தூரத்தில கீழ கிடக்குது, நான் சிப்பியைக் கையில வச்சுக்கொண்டு மேல நிக்கிறன். வழிகாட்டிப் பெடியன் சொன்னான், இந்த வரப்பு ஒவ்வொண்டும் ஒரு காலத்தில கடற்கரையா இருந்தது எண்டு.

அதால தம்பி கல்லும்மண்ணும் சொன்னதில ஒரு துண்டு விடுபட்டுப் போச்சுது எண்டு நினைக்கிறன். பனி போனதுக்கும் ஏரி வந்ததுக்கும் இடைப்பட்ட காலத்தில கடல் ஒருக்கா வந்து போயிருக்குது. விசயம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

சேறும்சரித்திரமும்:

வடகடல் ஐயா சொன்னது ரொம்பச் சரி, அந்தச் சிப்பிதான் முக்கியமான சாட்சி.

நான் ஏரி வண்டலை வச்சு பழைய காலநிலையைப் படிக்கிற துறையில இருக்கேன். ஆர்க்டிக் ஏரிகள்ல கோர் (அடிச் சேத்துல குழாயைக் குத்தி அடுக்கு கலையாம எடுக்குற மாதிரி) எடுத்திருக்கோம், லின்னேவத்ன எங்க எல்லாருக்கும் பாடப்புத்தகம் மாதிரி, 1980கள்ல இருந்து அங்க வேலை நடக்குது, லாங்இயர்பியன்ல இருக்குற பல்கலைக்கழக மையத்துல இருந்து ஸ்டூடன்ட்ஸ் போய் அங்கேயே கருவி வச்சு அளக்குறாங்க.

வரைபடப்பிரியன் சார், நீங்க 12 மீட்டர்னு சொன்னீங்கல்ல, அதோட இன்னொரு நம்பரையும் சேர்த்துப் பசங்ககிட்ட சொல்லுங்க. ஏரியோட ஆழம், ரொம்ப ஆழமான இடத்துல 35 மீட்டர் சுமார். இப்போ கழிச்சுப் பாருங்க. ஏரியோட மேல்மட்டம் கடலுக்கு மேல 12, ஆனா அடித்தரை கடல் மட்டத்துக்குக் கீழ 20 மீட்டருக்கு மேல. வட முனையில இருக்குற அந்த மேடு மட்டும் இல்லன்னா இது ஏரியே கிடையாது, ஃபியோர்டோட ஒரு கை.

அப்படித்தான் ஒரு காலத்துல இருந்துச்சு. பல நூறு மீட்டர் தடிமன் ஐஸ் தரை மேல உக்காந்தா தரை அமுங்கும். பனியுகம் முடியுற கட்டத்துல ஐஸ் பின்வாங்கினப்போ தரை இன்னும் அமுங்கிதான் கிடந்துச்சு, கடல் நேரா பள்ளத்தாக்குக்குள்ள வந்துடுச்சு. இந்தப் பகுதியில கடல் எட்டின உச்சக் கோடு இப்போதைய மட்டத்துல இருந்து 60 மீட்டருக்கு மேல இருக்கு. அப்புறம் பாரம் போன தரை எழும்ப ஆரம்பிச்சுச்சு, முதல்ல வேகமா, பின்னாடி மெதுவா. அதே சமயம் உலகம் முழுக்க ஐஸ் உருகுறதால கடலும் ஏறிக்கிட்டு இருக்கு, ரெண்டுக்கும் ஒரு ஓட்டப்பந்தயம் மாதிரி, இங்க தரை ஜெயிச்சுது. ஐயா மிதிச்ச ஒவ்வொரு வரப்பும் தரை எழும்பிக்கிட்டு இருந்தப்போ அலை கட்டிவிட்டுப் போன கரை. வட முனை மேடு கடலுக்கு மேல வந்த அன்னைக்குத்தான் ஏரி பிறந்துச்சு, அது நடந்து 10 ஆயிரம் வருஷத்துக்கு மேலாச்சு. உப்புத் தண்ணி கொஞ்சம் கொஞ்சமா வெளியேறி நல்ல தண்ணி ஆச்சு.

இது வெறும் கணக்கு இல்ல, சேத்துல எழுதியே இருக்கு. நீளமான கோர் எடுத்தா அடியில கடல் களிமண், சிப்பியோட. அதுக்கு மேல ஏரிச் சேறு.

கோர் எடுக்குறது வசந்தத்துல, ஏரி உறைஞ்சிருக்குறப்போ. ஐஸ் ஒரு மீட்டருக்கு மேல இருக்கும், சில வருஷம் ரெண்டு மீட்டரை நெருங்கும், ஜூலை வரைக்கும் கூட நிக்கும். ஐஸ்ல துளை போட்டு, பிளாஸ்டிக் குழாயைக் கயித்துல இறக்கி, அடியில குத்தி, சேத்தோட மேல இழுக்கணும். ஒருத்தர் எப்பவும் வேலை பார்க்காம கரடிக் காவலுக்கு நிப்பாங்க, கண்ணு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போய்க்கிட்டே இருக்கும். குழாய் துளையை விட்டு வெளிய வந்ததும் அடியை மூடணும், ஒரு செகண்ட் அசந்தா மொத்தமும் சர்ருன்னு தண்ணிக்குள்ளயே போயிடும், எனக்கு ஒரு தடவை அப்படிப் போயிருக்கு, கையுறை நனைஞ்சு விரல் மரத்துப்போனதை விட அந்தச் சேறு போனதுதான் வலிச்சுது.

லேப்ல குழாயை நீளவாக்குல ரெண்டா பிளந்து மேல்பரப்பை வழிச்சுவிட்டா அப்போ தெரியும் அழகு. சந்தனம் அரைச்ச மாதிரி நைசா இருக்கும், சாம்பல் நிறம், அதுல மெல்லிசு மெல்லிசா கோடு. கோடைக் கோடு கொஞ்சம் பருமனான வண்டல், ஏன்னா அப்போதான் ஆறு ஓடும். குளிர்காலத்துல ஆறு நின்னு, மேல ஐஸ் மூடி, அலை காத்து எதுவும் இல்லாம ஏரி அசையாம கிடக்குறப்போ மிதந்துக்கிட்டிருந்த ரொம்ப நைசான களிமண் மட்டும் இறங்கி ஒரு மெல்லிய ஏடு போடும். ரெண்டும் சேர்ந்தா ஒரு வருஷம், மில்லிமீட்டர் கணக்குல இருக்கும். கோட்டை எண்ணினா வருஷம். எண்ணினது சரியான்னு செக் பண்ண சீசியம் 137 பாக்கலாம், அணுகுண்டு சோதனைகளால 1963 வாக்குல உச்சத்துக்குப் போன கதிரியக்கத் தூசி, அது எந்தக் கோட்டுல கூடுதலா இருக்கோ அது அந்த வருஷம். ஒண்ணு கவனிக்கணும், தடிச்ச கோடு எல்லாமே வெயில் வருஷம்னு சொல்லிட முடியாது, ஒரு பெரிய மழை போதும், ஆறு திடீர்னு பெருகி வண்டலை அள்ளிட்டு வந்துடும்.

இப்போ உங்க ஸ்டூடன்ட்டோட கேள்விக்கு வரேன், இதுதான் எனக்கு இந்த ஏரியில பிடிச்ச விஷயமே. அந்தப் பொண்ணு பனியாறு தள்ளி இருக்குதேன்னு கேட்டா. உண்மையில தெக்கால இருக்குற லின்னேபிரேன் இந்த ஏரியைத் தோண்டவே இல்ல. அது ஏரியை விட வயசுல சின்னது! ஏரி கடல்ல இருந்து பிரிஞ்சதுக்கு அப்புறம் பல ஆயிரம் வருஷம் அந்தப் பள்ளத்தாக்குத் தலையில பனியாறே கிடையாதுன்னு வண்டல் சொல்லுது. அப்போ இந்தத் தீவு இப்போ உள்ளதை விடக் கதகதப்பா இருந்த காலம். அப்புறம் 4 ஆயிரத்துல இருந்து 5 ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி பனியாறு அரைச்ச தூள் கூடிக்கிட்டே வருது, நிலக்கரித் துணுக்கும் சேர்ந்து வருது, ஏன்னா அந்த நிலக்கரிப் பாறை மேல்பக்கம்தான் இருக்கு, அதை யாரோ சுரண்ட ஆரம்பிச்சிருக்காங்கன்னு அர்த்தம். அந்த யாரோதான் லின்னேபிரேன். சின்னப் பனியுகம்னு சொல்ற சில நூற்றாண்டுகள்ல அது உச்சத்துக்கு வளர்ந்து முன்னாடி வந்து மொரேன் கரையை, அதாவது தான் தள்ளிக்கிட்டு வந்த கல்லு மண்ணைக் கரையா, குவிச்சுது. அந்தக் கரை இன்னும் அங்க நிக்குது, பனியாறு அதை விட்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல பின்னாடி போயிடுச்சு. 1936ல நார்வேக்காரங்க விமானத்துல இருந்து ஸ்வால்பார்டைப் படம் எடுத்தாங்க, அந்தப் படங்களையும் இன்னைக்கு சாட்டிலைட் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சா போதும்.

அதனால அந்தப் பொண்ணுகிட்ட இப்படிச் சொல்லுங்க சார்: பள்ளம் பழைய பெரிய ஐஸோடது, அதை முதல்ல நிரப்பினது கடல், இப்போ தண்ணி குடுக்குறது பின்னாடி பிறந்த இன்னொரு பனியாறு. கடல் ஏரின்னு அவ சொன்னதுல பாதி உண்மை இருக்கு.

கல்லும்மண்ணும்:

கடல் வந்து போனதை நான் விட்டுட்டேன், நன்றி. பனியாறு ஏரியை விடச் சின்னதுன்றது எனக்கும் புதுசு. நான் எழுதினதை மாத்தாம அப்படியே விடுறேன், திரெட் படிக்கிறவங்களுக்குத் தொடர்ச்சி புரியணும்.

வரைபடப்பிரியன்:

படிச்சிட்டு கொஞ்ச நேரம் பேச்சே வரல. அடித்தரை கடலுக்குக் கீழ இருக்குன்றதைப் போர்டுல ஒரு குறுக்கு வெட்டுப் படமா வரையப் போறேன்.

ஒரே ஒரு பயம் கேட்டுக்குறேன். 2023 அக்டோபர்ல சிக்கிம்ல தெற்கு லோனாக் ஏரி உடைஞ்சு தீஸ்தாவுல வெள்ளம் வந்து சுங்தாங் அணையே அடிச்சிட்டுப் போச்சு. அதனால பனியாறு ஏரின்னாலே பசங்க "எப்போ சார் உடையும்"னுதான் முதல்ல கேக்குறாங்க. இதுவும் உடையுமா? அப்புறம் இவ்ளோ குளிர்ல மீன் இருக்குமா?

கல்லும்மண்ணும்:

லோனாக் வேற கதை சார். அது 5 ஆயிரம் மீட்டருக்கு மேல உசரத்துல, மொரேன் குப்பைக்குப் பின்னாடி தேங்கின தண்ணி. மொரேன்னா கல்லும் மண்ணும் உள்ள ஐஸும் கலந்து அள்ளிக் கொட்டின குவியல், யாரும் கட்டின கரை இல்ல. பக்கவாட்டுச் சரிவு உடைஞ்சு ஏரிக்குள்ள விழுந்துச்சு, அலை எழும்பிக் கரையை அறுத்துச்சு, கீழ செங்குத்தான பள்ளத்தாக்கு, தண்ணிக்கு வேகம் எடுக்க எல்லா வசதியும் இருந்துச்சு. லின்னேவத்ன கடல்ல இருந்து 12 மீட்டர் உசரத்துல, பாறைத் தொட்டியில கிடக்கு, வழிய ஒரு ஆறு இருக்கு, கீழ ஊரும் இல்ல. ஸ்வால்பார்ட்லயே ஐஸ் அடைச்சு நிக்குற ஏரிகள் உண்டு, பனியாறே அணை மாதிரி குறுக்க நின்னு பக்கத்துப் பள்ளத்துல தண்ணி தேங்கும், அது ஐஸுக்கு அடியில வழி கண்டுபிடிச்சு திடீர்னு வடிஞ்சிடும். எந்த ஏரியா இருந்தாலும் தண்ணியைப் பிடிச்சு நிறுத்துறது என்னன்னு முதல்ல பாருங்க, பாறையா, குப்பையா, ஐஸா. ஆபத்து அதைப் பொறுத்ததுதான்.

வடகடல்:

மீன் இருக்குது. இஞ்ச ரோய எண்டு சொல்லுவம், இங்கிலீசில ஆர்க்டிக் சார் (char) எண்டு பேர். ஸ்வால்பார்ட் முழுக்க நல்லதண்ணி மீன் எண்டால் அது ஒரு சாதிதான். ஏரியிலயே கிடக்கிறதும் இருக்குது, கோடையில ஆத்தால கடலுக்குப் போய்த் திண்டு கொழுத்துப் போட்டுத் திரும்பி வாறதும் இருக்குது. மாரியில கடலுக்குள்ள நிண்டால் உறைஞ்சு போகும், ஏரிக்கு அடியில தண்ணி உறையாது. வயிறு செம்மஞ்சளா, பாக்க வடிவான மீன். இஞ்ச பெருநிலத்தில நான் பிடிச்சுச் சமைச்சிருக்கிறன், கொழுப்பு மீன், புளி கொஞ்சம் கூட விட்டுக் குழம்பு வச்சால் நல்லா இருக்கும். ஸ்வால்பார்டில பிடிக்கிறதெண்டால் விதிமுறை கடுமை.

லின்னே ஆறு ஃபியோர்டில விழுற இடத்துக்கு ருஸ்ஸெகைலா எண்டு பேர். வெள்ளைக் கடல் பக்கமிருந்து வந்த பொமோர் எண்ட ரஷ்ய வேட்டைக்காரர் அங்க குடில் கட்டி மாரி முழுக்க இருட்டுக்குள்ள இருந்திருக்கினம். அதில ஸ்டாரொஸ்டின் எண்ட ஆள் முப்பதுக்கு மேற்பட்ட மாரியை அந்தத் தீவில கழிச்சவர் எண்டு சொல்லுவினம், 1826ல செத்தவர். ஆத்து வாயில, மீன் ஏறுற இடத்துக்குப் பக்கத்திலதான் இருந்திருக்கினம்.

சேறும்சரித்திரமும்:

ஐயா அடுத்த தடவை போனா கிழக்கால இருக்குற கொங்ரஸ்வத்னவையும் பாத்துட்டு வாங்க. 1910ல ஸ்டாக்ஹோம்ல நடந்த உலக நிலவியல் மாநாட்டுக்காரங்க அந்தப் பக்கம் வந்ததால அந்தப் பேரு. ஜிப்சம், சுண்ணாம்புப் பாறையில ஊறி வர்ற கந்தக ஊத்துத் தண்ணி சேர்றதால அடித்தண்ணி கனமா இருந்து, மேல்தண்ணியோட கலக்காத ஏரின்னு பேர் வாங்கினது. லின்னேவத்ன அப்படி இல்ல, ஐஸ் போனதும் காத்து அடிச்சு மேலயும் கீழயும் கலக்கிடும், கோடையிலயும் ஒத்தை இலக்க டிகிரிதான். சில கிலோமீட்டர் இடைவெளியில இப்படி ரெண்டு குணம்.

வரைபடப்பிரியன் சார், ஐயா கையில மாவா போன அந்தச் சிப்பியை வச்சு இன்னொரு விஷயமும் கிளாஸ்ல சொல்லலாம். ஸ்வால்பார்ட் பழைய கடற்கரை மண்ணுல நீல மட்டி ஓடு கிடைக்கும், அது ரொம்பக் குளிர்ந்த கடல்ல வாழாத ரகம். நான் முன்னாடி சொன்ன கதகதப்பான காலத்துல அங்க வாழ்ந்துச்சு, அப்புறம் குளிர் கூடினதும் காணாம போச்சு. 2004ல இஸ்ஃபியோர்டன் வாய்ப்பக்கம், இந்த ஏரியில இருந்து கொஞ்ச தூரத்துல, உயிரோட நீல மட்டியைக் கண்டுபிடிச்சாங்க, சுமார் ஆயிரம் வருஷத்துக்கு அப்புறம். லின்னேபிரேன் சுருங்கிக்கிட்டே போகுதுன்னு ஏரி வண்டல் ஒரு பக்கம் சொல்லுது, கடல்ல மட்டி திரும்பி வருது. 2020 ஜூலை 25 அன்னைக்கு லாங்இயர்பியன்ல வெப்பம் 21.7 டிகிரி வரைக்கும் ஏறுச்சு, அந்த இடத்துக்கு அது ரொம்ப அதிகம்.

வரைபடப்பிரியன்:

நாளைக்கு முதல் பீரியட் அந்தக் கிளாஸ்தான். அந்தப் பொண்ணையே போர்டுக்குக் கூப்பிட்டு 12ல இருந்து 35ஐக் கழிக்கச் சொல்லப் போறேன்.